பல மொழிக் காலண்டர்: மொழி அமைப்பையும் பெரிய எழுத்து அமைப்பையும் சரியாகச் செட் பண்ணுவது எப்படி

பன்னிரண்டு மாதம், ஏழு கிழமை, மொத்தம் பத்தொன்பது சொல்தானே, மொழியை மாற்றினால் மிச்சத்தை மென்பொருளே பார்த்துக்கொள்ளாதா என்று நினைத்துத்தான் பல மொழிக் காலண்டர் வேலையை எல்லோரும் தொடங்குகிறார்கள். ஆங்கிலத்துக்குப் போட்ட டெம்ப்ளேட்டைப் பிரெஞ்சுக்கு மாற்றியதும் மாதப் பெயர்கள் எல்லாம் சின்ன எழுத்தில் (A, B என்றில்லாமல் a, b வகையில்) வந்து நிற்கும். மென்பொருளில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒவ்வொன்றாகக் கையால் பெரிய எழுத்தாக்கத் தொடங்குவார்கள், தொல்லையும் அங்கேயே ஆரம்பித்துவிடும். கோளாறு எதுவும் இல்லை, பிரெஞ்சில் மாதப் பெயரும் கிழமைப் பெயரும் சின்ன எழுத்தில்தான் எழுத வேண்டும்.

இந்த வேலைக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். பெயர்களை அந்தந்த மொழிக்காரர் வாக்கியத்துக்கு நடுவில் எப்படி எழுதுவாரோ அப்படியே டேட்டாவில் வைத்திருங்கள். பெரிய எழுத்து வேண்டுமானால் அதை இடத்துக்கு ஏற்ப ஸ்டைலில் (எழுத்தின் தோற்றத்தை மட்டும் தீர்மானிக்கும் அமைப்பில்) கொடுங்கள், டேட்டாவில் கைவைக்காதீர்கள். கீழே இருப்பதெல்லாம் இதை எந்த இடத்தில் எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் மொழி, கூடவே வட்டாரம்

மென்பொருளில் மொழி என்ற சொல் குறைந்தது மூன்று இடத்தில் வரும், மூன்றும் வேறு வேறு வேலை செய்யும். மெனுவும் பட்டன்களும் எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பது ஒன்று, அதற்கும் அச்சாகப்போகும் காலண்டருக்கும் சம்பந்தமே இல்லை. காலண்டரின் மாதப் பெயரும் கிழமைப் பெயரும் எந்த மொழியில் வர வேண்டும் என்பது இரண்டாவது. அந்த எழுத்துகள் உட்காரும் பாராகிராஃப் ஸ்டைலில் குறித்து வைக்கும் மொழி மூன்றாவது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் இது பாராகிராஃப் ஸ்டைலுக்குள் அட்வான்ஸ்டு கேரக்டர் ஃபார்மட்ஸ் என்ற பக்கத்தில் இருக்கிறது. அது எதையும் மொழிபெயர்க்காது, சொல்லை எங்கே உடைப்பது, எந்த அகராதியை வைத்துப் பிழை பார்ப்பது என்பதை மட்டும் சொல்லும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருக்க வேண்டும். பெயர் போலிஷில், ஸ்டைல் ஆங்கிலத்தில் என்று விட்டுவைத்தால் பிழைத்திருத்தி எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு போடும், நிஜமான பிழை அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும்.

மொழியை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதாது, நாட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜெர்மன் என்று போட்டால் ஜனவரிக்கு யானுவார் வரும், ஆஸ்திரியாவுக்கான ஜெர்மன் என்று போட்டால்தான் அங்கே வழங்கும் யென்னர் வரும். அரபியில் வித்தியாசம் இன்னும் பெரிது: எகிப்தில் ஜனவரி யனாயிர், லெபனான் சிரியா பக்கம் கானூன் அத்தானி, அல்ஜீரியாவில் பிரெஞ்சை ஒட்டிய ஜான்ஃபி. செர்பியனுக்கு சிரிலிக், லத்தீன் என்று இரண்டு எழுத்துமுறை உண்டு, எது வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீனத்திலும் அதே கதைதான், எளிய வடிவமா மரபு வடிவமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள். வாரம் ஞாயிறில் தொடங்குகிறதா, திங்களில் தொடங்குகிறதா, எகிப்து போலச் சனியில் தொடங்குகிறதா என்பதும் நாட்டைப் பொறுத்ததே தவிர மொழியைப் பொறுத்ததில்லை. அமெரிக்க ஆங்கிலத்துக்கு ஞாயிறு, பிரிட்டன் ஆங்கிலத்துக்குத் திங்கள்.

அப்புறம், இந்தப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய மென்பொருள்களில் நிறைய யூனிகோட் அமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் என்ற தரவுத் தொகுப்பிலிருந்து எடுக்கின்றன. சில, ஸ்கிரைபஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளோடு வரும் காலண்டர் ஸ்கிரிப்ட் மாதிரி, பெயர்ப் பட்டியலைத் தன்னுள்ளேயே எழுதி வைத்திருக்கின்றன. இன்னும் சில, கணினியின் இயங்குதளத்தைக் கேட்டு வாங்குகின்றன. இந்தக் கடைசி வகையிடம் எச்சரிக்கையாக இருங்கள், ஒரே கோப்பை இரண்டு கணினியில் ஓட்டினால் இரண்டு மாதிரி வரக்கூடும். முடிந்தால் பெயர்களை ஒரு அட்டவணையாக வெளியே எடுத்து, எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 வடிவத்தில் சேமித்து, கோப்போடு சேர்த்தே வைத்துவிடுங்கள்.

அப்படி அட்டவணை போடும்போது மாதத்தை எண்ணால் அடையாளம் காட்டுங்கள், பெயரால் வேண்டாம். லிஸ்டோபாட் என்ற பெயர் போலிஷிலும் செக்கிலும் நவம்பர், குரோஷியனில் அக்டோபர். பெயரை வைத்துத் தேடி ஒட்டினால் ஒரு மாதம் முழுக்க இடம் மாறிப் போகும்.

தலைப்புக்கு ஒரு வடிவம், தேதிக்கு ஒரு வடிவம்

பெரிய எழுத்துக்குப் போவதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் பெரிய எழுத்துப் பிரச்சினை மாதிரித் தெரிவதில் பல, உண்மையில் வேற்றுமைப் பிரச்சினை. ரஷ்ய மொழியில் பக்கத்தின் தலைப்பில் தனியாக நிற்கும் ஜனவரி யன்வார். ஜனவரி 5 என்று தேதியோடு வந்தால் அது யன்வார்யா ஆகிவிடும். போலிஷில் ஸ்டிச்சென், தேதியோடு ஸ்டிச்னியா. செக், உக்ரேனியன், குரோஷியன், கிரேக்கம், ஃபின்னிஷ் எல்லாவற்றிலும் இப்படி இரண்டு வடிவம் உண்டு. தலைப்பில் தேதி வடிவத்தைப் போட்டால் அந்த மொழிக்காரர் கண்ணுக்கு, ‘ஜனவரி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஜனவரியின்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட மாதிரி இருக்கும்.

சிஎல்டிஆர் வழி போகும் மென்பொருள்களில் தேதி அமைப்புக்கான குறிகளில் இதற்கு வழி இருக்கிறது. ஆங்கில எம் நான்கு முறை போட்டால் தேதிக்குள் வரும் வடிவம், எல் நான்கு முறை போட்டால் தனித்து நிற்கும் வடிவம். கிழமைக்கும் அதேபோல இ (E) என்பது தேதிக்குள், சி (c) என்பது தனித்து நிற்க. தலைப்புக்கு எல், சின்னக் குறிப்புகளில் வரும் முழுத் தேதிக்கு எம், இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நிரலாக்கத் தளத்தில் எழுதிய கருவி என்றால் மாதப் பெயர், மாதத்தின் ஆறாம் வேற்றுமைப் பெயர் என்று இரண்டு பட்டியல் தனித்தனியாக இருக்கும். லினக்ஸில் 2018-ல் வந்த ஜிலிப்சி என்ற அடிப்படை நிரல்தொகுப்பின் 2.27 பதிப்பு முதல்தான் இரண்டு வடிவத்தையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க முடிகிறது, அதற்கு முந்தைய சர்வரில் ஓடும் பழைய ஸ்கிரிப்ட் உங்கள் கையில் இருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

தலைப்பில் மாதத்தையும் ஆண்டையும் நீங்களே ஒட்டவும் ஒட்டாதீர்கள். மாதம், ஒரு இடைவெளி, ஆண்டு என்ற வரிசை ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் சரி. ஸ்பானிஷிலும் போர்ச்சுகீசிலும் நடுவில் ஒரு சின்ன இணைப்புச் சொல் வரும். ஹங்கேரியனில் ஆண்டு முதலில், அதன்பின் ஒரு புள்ளி, பிறகு மாதம். சீனம், ஜப்பான், கொரிய மொழிகளிலும் ஆண்டுதான் முன்னால். மாதம்–ஆண்டு என்ற அமைப்பை மென்பொருளிடமே கேளுங்கள், அது அந்த மொழிக்கான வரிசையில் கொடுக்கும்.

பெரிய எழுத்து

பெரும்பாலான காலண்டர் கருவிகளில் இதற்கு நான்கு தேர்வு இருக்கும்: உள்ளபடியே, முதல் எழுத்து மட்டும், ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும், முழுக்கப் பெரிய எழுத்து. கருவிக்குக் கருவி பெயர் மாறும், விஷயம் இதுதான்.

எந்த மொழி எப்படி எழுதும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆங்கிலம், ஜெர்மன், கிரேக்கம் மூன்றிலும் மாதமும் கிழமையும் பெரிய எழுத்தில் தொடங்கும் (ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொல்லுமே அப்படித்தான்). பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன், ஃபின்னிஷ், போலிஷ், செக், ரஷ்யன், உக்ரேனியன், ருமேனியன், ஹங்கேரியன் இவற்றில் எல்லாம் சின்ன எழுத்து. போர்ச்சுகலில் முன்பு மாதப் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதிவந்தார்கள், 1990-ல் கையெழுத்தான எழுத்திலக்கண உடன்படிக்கைக்குப் பிறகு சின்ன எழுத்துக்கு மாறிவிட்டது. அதனால் பழைய போர்ச்சுகீசுக் காலண்டரை மாதிரியாக வைத்து வேலை செய்யாதீர்கள்.

சின்ன எழுத்து மொழி என்றால் எங்குமே பெரிய எழுத்து கூடாது என்று அர்த்தமில்லை. பக்கத்தின் உச்சியில் தனியாக நிற்கும் மாதப் பெயர் ஒரு தலைப்பு, அதன் முதல் எழுத்தைப் பெரிதாக்குவது பல மொழிகளில் வழக்கம்தான். சிஎல்டிஆர் தரவிலேயே வாக்கியத்தின் நடுவில், வாக்கியத்தின் தொடக்கத்தில், மெனு அல்லது பட்டியலில், தனித்து நிற்கும்போது என்று நான்கு சூழலுக்கு ஏற்பப் பெரிய எழுத்தை மாற்றிக் கேட்க வழி இருக்கிறது. உங்கள் மென்பொருள் அந்தத் தேர்வைக் காட்டினால் தலைப்புக்குத் தனித்து நிற்பது, குறிப்புக்குள் வரும் தேதிக்கு வாக்கிய நடு என்று கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். காட்டாவிட்டால் தலைப்பு ஸ்டைலுக்கு முதல் எழுத்து மட்டும், மற்ற எல்லாவற்றுக்கும் உள்ளபடியே.

ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் என்ற மூன்றாவது தேர்வை நான் தொடுவதே இல்லை. அது ஆங்கிலப் புத்தகத் தலைப்புக்காகப் பிறந்த பழக்கம். போர்ச்சுகீசில் திங்கள் முதல் வெள்ளி வரை கிழமைப் பெயர்கள் இணைப்புக்கோடு போட்ட இரட்டைச் சொல், இந்தத் தேர்வு கோட்டுக்குப் பின்னால் வருவதையும் பெரிதாக்கிவிடக்கூடும். கட்டலானில் மாதத்துக்கு முன்னால் ஒட்டும் ஒற்றை எழுத்தையும், அதன் மேற்குறிக்குப் பின்னால் வருவதையும் பெரிதாக்கி அசிங்கப்படுத்தும். பைத்தான் நிரல்மொழியின் டைட்டில் என்ற செயற்கூறு இந்த இரண்டையும் அப்படியே செய்யும்.

முழுக்கப் பெரிய எழுத்துதான் கவனிக்க வேண்டிய இடம். வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்ததும் இதுதான், காலை வாருவதும் இதுதான்.

துருக்கியிலிருந்து தொடங்குவோம். அங்கே ஐ (i) என்ற எழுத்து இரண்டு உண்டு, புள்ளி வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிப் பெரிய எழுத்து. ஆங்கில விதிப்படி பெரிதாக்கினால் நிசான், ஹசிரான், எக்கிம் மூன்றிலும், அதாவது ஏப்ரல், ஜூன், அக்டோபர், மேலே இருக்க வேண்டிய புள்ளி காணாமல் போகும். தலைகீழாக, முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்து வைத்த நவம்பரைச் சின்ன எழுத்தாக்கினால் இல்லாத புள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். பைத்தானின் அப்பர் என்ற செயற்கூறுக்கு மொழி தெரியாது, ஆங்கிலக் கணக்கில்தான் மாற்றும். ஜாவாஸ்கிரிப்டில் மொழியைச் சொல்லி மாற்றும் தனிச் செயற்கூறு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். எச்டிஎம்எல் பக்கமாக அமைத்து அதிலிருந்து பிடிஎஃப் எடுப்பவர்கள் அந்தப் பகுதிக்கு லாங் என்ற பண்பில் துருக்கி என்று குறித்துவிட்டால் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸின் பெரிய எழுத்துக் கட்டளை சரியாக நடந்துகொள்ளும். குறிக்காவிட்டால் ஆங்கிலம் மாதிரியே மாற்றும்.

கிரேக்கத்தில் நேர்மாறு: சின்ன எழுத்தில் இருக்கும் அழுத்தக் குறி முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதும்போது விழுந்துவிட வேண்டும். முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருந்தால் குறி அதன் இடத்திலேயே இருக்கும். பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் விழக் கூடாது, பெரிய எழுத்திலும் குறி இருந்தே ஆக வேண்டும். பெரிய எழுத்துக்குக் குறி தேவையில்லை என்று யாராவது சொன்னால் தட்டச்சு இயந்திரக் காலத்துப் பழக்கத்தைச் சொல்கிறார் என்று விட்டுவிடுங்கள், பிரெஞ்சு அகாடமியும் ஸ்பானிஷ் அகாடமியும் குறி வேண்டும் என்றுதான் சொல்கின்றன. பிரெஞ்சில் பிப்ரவரி, ஆகஸ்ட், டிசம்பர், ஸ்பானிஷில் புதன், சனி, இவற்றில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இருந்தும் அச்சில் மொட்டையாகத் தெரிந்தால் வரி இடைவெளி இறுக்கமாகி மேலே வெட்டுப்பட்டிருக்கும், அது கட்டத்தின் உயரப் பிரச்சினை.

ஜெர்மனில் எஸ்-செட் என்ற எழுத்தைப் பெரிதாக்கினால் இரண்டு எஸ் ஆகும். 2017 முதல் அதற்கென்று ஒரு பெரிய எழுத்தும் அதிகாரபூர்வமாக உண்டு. மாதம், கிழமைப் பெயர்களில் அந்த எழுத்து வராது, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறான வைசர் ஸோன்டாக் மாதிரி விசேஷ நாள் பெயரில் வரும். ஒரு எழுத்து இரண்டானால் அகலமும் கூடும், கட்டத்தில் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜார்ஜியன் இன்னும் விசித்திரம். வாக்கியத் தொடக்கத்தில் பெரிய எழுத்து என்ற பேச்சே அந்த மொழியில் இல்லை. ஆனால் 2018-ல் வந்த யூனிகோட் 11, முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதுவதற்கென்று ம்தவ்ருலி எழுத்துகளைச் சேர்த்தது. டெம்ப்ளேட்டில் ஆல் கேப்ஸ் (முழுக்கப் பெரிய எழுத்து) போட்டிருந்தால் மென்பொருள் அவற்றுக்கு மாற்றிவிடும், ஃபான்ட் பழையதாக இருந்தால் மாதப் பெயர் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். அந்த மொழிக்கு ஆல் கேப்ஸை அணைத்துவிடுவது நல்லது.

இன்டிசைனில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கேரக்டர் ஸ்டைலில் இருக்கும் ஆல் கேப்ஸ் வேறு, டைப் மெனுவில் இருக்கும் சேஞ்ச் கேஸ் வேறு. முன்னது பார்வைக்கு மட்டும் மாற்றும், உள்ளே இருக்கும் எழுத்து அப்படியே இருக்கும். பின்னது எழுத்தையே மாற்றிவிடும், பிறகு ஸ்டைலை எடுத்தாலும் பழையபடி திரும்பாது. மேலே சொன்ன விதிப்படி முன்னதுதான் நமக்கு வேண்டியது. அது ஏதாவது ஒரு மொழியில் தவறாகக் காட்டினால், அந்த மொழிக்கு மட்டும் சரியான பெரிய எழுத்துப் பட்டியல் ஒன்றைத் தனி நெடுவரிசையாக அட்டவணையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறுக்கமும் ஒற்றை எழுத்தும்

முதல் மூன்று எழுத்து என்று வெட்டும் தேர்வு இருந்தால் உடனே அணையுங்கள். பிரெஞ்சில் ஜூனும் ஜூலையும் முதல் மூன்று எழுத்தில் ஒன்றுதான், செக்கிலும் அப்படியே. பிரெஞ்சில் மார்ச் மாதமும் செவ்வாய்க் கிழமையும்கூட மூன்று எழுத்தில் ஒன்றாகிவிடும். ஸ்பானிஷில் செவ்வாயும் புதனும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் புதனுக்கு எக்ஸ் என்று போடுவது வழக்கம், வெட்டுகிற கருவிக்கு அது எப்படித் தெரியும்? ஹங்கேரியனில் புதனும் சனியும் இரண்டு எழுத்து சேர்ந்த ஓர் ஒலியில் தொடங்குகின்றன, ஒற்றை எழுத்துக் கட்டத்திலும் அந்த இரண்டையும் சேர்த்தே எழுதுவார்கள், முதலாவது பெரிதாக, இரண்டாவது சின்னதாக.

தமிழுக்கு வந்தால் கணினிக் கணக்கில் ‘செ’ என்பது ‘ச’வும் ஒரு கொம்பும். ஓர் எழுத்து மட்டும் என்று வெட்டினால் செவ்வாய் ‘ச’ ஆகிவிடும், சனியும் ‘ச’. வியாழனும் வெள்ளியும் ‘வ’. திங்கள் ‘த’, புதன் ‘ப’. ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று கையால் எழுதிய பட்டியலையே கொடுங்கள். மாதத்துக்கு ஒற்றை எழுத்து வேண்டவே வேண்டாம், ஜூனும் ஜூலையும் இரண்டுமே ‘ஜூ’.

பெரிய எழுத்தே இல்லாத எழுத்துமுறைகள்

தமிழ், இந்தி, அரபி, ஹீப்ரு, தாய், சீனம், கொரியன் இவற்றுக்கு ஆல் கேப்ஸ் ஒன்றும் செய்யாது, சரி, விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஆல் கேப்ஸ் ஸ்டைலில் வழக்கமாகக் கூடவே எழுத்திடைவெளியும் ஏற்றி வைத்திருப்பார்கள். அது அரபியில் சேர்ந்திருக்க வேண்டிய எழுத்துகளைப் பிரிக்கும், இந்தியில் மேல்கோட்டை உடைக்கும், தமிழில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கலாம். இந்த மொழிகளுக்கு இடைவெளி சுழியம் வைத்த தனி ஸ்டைல் போடுங்கள். பெரிய எழுத்தால் கிடைக்கும் அழுத்தத்தைத் தடித்த எழுத்தாலோ அளவாலோ நிறத்தாலோ கொடுக்கலாம். இன்டிசைனில் இத்தகைய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரைப் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

விசேஷ நாட்களை இதில் சேர்க்காதீர்கள்

விசேஷ நாள் பெயர்களுக்கு எந்தத் தானியங்கி மாற்றமும் வேண்டாம், உள்ளபடியே என்று பூட்டிவிடுங்கள். ஸ்பானிஷில் வெள்ளிக்கிழமை சின்ன எழுத்து, ஆனால் புனித வெள்ளியில் இரண்டு சொல்லும் பெரிய எழுத்து. டச்சிலும் அப்படியே. பிரெஞ்சில் ஜூலை 14 வெறும் தேதியாக வந்தால் மாதம் சின்ன எழுத்தில், தேசிய விழாவின் பெயராக வந்தால் அதே மாதம் பெரிய எழுத்தில். இதை எந்த விதியாலும் கருவி ஊகிக்க முடியாது, பெயரைத் தெரிந்த ஆள் எழுதித் தர வேண்டும்.

ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று மொழி

ஆங்கிலக் கிழமை பெரிய எழுத்திலும், அதற்குக் கீழே பிரெஞ்சுக் கிழமை சின்ன எழுத்திலும் நின்றால், ஒன்று தவறு என்று வாடிக்கையாளர் கண்டிப்பாகக் கேட்பார். இரண்டும் அந்தந்த மொழிக்குச் சரி என்று விளக்கிவிட்டு அப்படியே விடுவது என் தேர்வு. ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இரண்டையுமே முழுக்கப் பெரிய எழுத்தாக்குங்கள், பார்வைக்கு ஒன்றாக இருக்கும், இலக்கணத்துக்கும் பங்கமில்லை. எப்படியானாலும் மொழிக்கு ஒரு கேரக்டர் ஸ்டைல் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் அதன் மொழியைக் குறித்து வையுங்கள். இரண்டு மொழியையும் ஒரே ஸ்டைலில் அடைத்தால் பெரிய எழுத்து விதி ஒன்றுக்குச் சரியாகவும் மற்றதற்குத் தவறாகவும்தான் இருக்க முடியும்.

அச்சுக்கு முன்னால்

முழுக் காலண்டரையும் ஓட்டுவதற்கு முன் மொழிக்கு ஒரு சோதனைப் பக்கம் எடுங்கள். பன்னிரண்டு மாதமும் தலைப்பு வடிவத்தில், பக்கத்திலேயே தேதி வடிவத்தில், ஏழு கிழமையும் முழுசாக, குறுக்கமாக, ஒற்றை எழுத்தாக, எல்லாம் நிஜமான ஸ்டைலில், நிஜமான கட்ட அகலத்தில். அகலத்துக்குச் செப்டம்பரையும் புதன், வியாழனையும் பார்த்தால் பெரும்பாலான ஐரோப்பிய மொழிகளுக்குப் போதும். அந்தப் பக்கத்தை மொழி தெரிந்தவரிடம் கொடுக்கும்போது சரியா தவறா என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இது பக்கத் தலைப்பு, இது கட்டத்துக்குள் வருவது என்று இடத்தைச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் சின்ன எழுத்தில் இருப்பதையெல்லாம் அவர் வாக்கியத்துக்குள் வருவதாக நினைத்துச் சரி என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.

அடுத்த ஆண்டுக்கு அதே டெம்ப்ளேட்டை எடுக்கும்போது, இடையில் மென்பொருளைப் புதுப்பித்திருந்தால் சோதனைப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். சிஎல்டிஆர் தரவு அவ்வப்போது திருத்தப்படுகிறது. பிரிட்டன் ஆங்கிலத்தில் செப்டம்பரின் குறுக்கம் மூன்று எழுத்தாக இருந்தது நான்காக மாறியது அப்படி வந்ததுதான், மூன்று எழுத்துக்கென்று அளந்து வைத்த கட்டத்தில் நான்காவது எழுத்து கோட்டைத் தாண்டி நிற்கும்.